பொது இடத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால்: சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற சித்திரை மாதத்தில், பகல் பதினொரு மணி வாக்கில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் டீக்கடைக்கு எதிரே சுருண்டு விழுந்தார். அரை நிமிடத்துக்குள் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டோம். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் முகத்தில் தெளித்தார். இன்னொருவர் தன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "காலையிலேயே தண்ணியப் போட்டிருப்பான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "108-க்குச் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்க, "சொல்லியிருப்பாங்க" என்று மற்றொருவர் பதில் சொன்னார். உண்மையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் கையில் கைபேசியை வைத்துக்கொண்டு நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நடைமேடை ஓரத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், மடியிலிருந்த சரத்தைக் கூடையில் போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். புத்தகப் பையோடு நின்ற கல்லூரி மாணவனை நோக்கி நேராகக் கையை நீட்டி, "தம்பி, செவப்புச் சட்ட, ஒன்னத்தான். 108-க்குப் போன் போடு. போட்டுட்டு எங்கிட்ட வந்து சொல்லு" என்றார். அவன் உடனே போட்டான். அடுத்து, புறப்படவிருந்த பேருந்தின் நடத்துநரைப் பார்த்து, "கண்டக்டர் சார், ஒங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல, வாங்க" என்றார். நடத்துநர் பணப்பையைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு வந்து மண்டியிட்டார். அதுவரை வேடிக்கை பார்த்த அதே கூட்டம், அடுத்த இரண்டு நிமிடங்களில் ஆளுக்கொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் தனக்கு யாராவது ஒரு வேலையைச் சொல்ல வேண்டும் என்றே காத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு செய்தியை ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

கூட்டம் ஏன் அசையாமல் நிற்கிறது

இத்தகைய காட்சிகளைக் கண்டவுடன் மனிதநேயம் செத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். நான் அதை ஏற்கவில்லை. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 1964 மார்ச் 13 அன்று கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று செய்தி வெளியாகி உலகம் முழுவதும் பரவியது. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்பதும், அண்டை வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார் என்பதும் பிற்பாடு தெளிவாயின. ஆனால் அந்தச் செய்தியால் உந்தப்பட்டு ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1968-இல் வெளியிட்ட சோதனை இன்றும் நமக்குப் பயன்படுகிறது. தனித்தனி அறைகளில் அமர்ந்து இண்டர்காம் வழியே உரையாடிய மாணவர்களிடம், உரையாடலில் இருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலைக் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்பவர் தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் வலிப்பு முடிவதற்குள் உதவிக்கு எழுந்து ஓடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் அதைக் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அவ்வாறு எழுந்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே. எழாமல் இருந்தவர்களும் அக்கறையற்றவர்களாக இல்லை. கை நடுங்க, என்ன செய்வது என்று முடிவெடுக்க இயலாமல் தவித்தார்கள் என்று ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கூட்டத்திலும் இதுவே நடக்கிறது. மற்றவர் முகத்தைப் பார்க்கிறோம். அவர் பதறவில்லை, ஆகவே பெரிதாக ஒன்றுமில்லை போலும் என்று எண்ணுகிறோம். அவரும் நம் முகத்தைப் பார்த்து அதையே எண்ணுகிறார். பொறுப்பு நாற்பது பேருக்குப் பங்கிடப்படும்போது ஒருவர் பங்குக்கு வருவது ஒன்றுமில்லாமல் போகிறது. தவறாக ஏதாவது செய்து நாலு பேர் முன்னால் பேச்சு வாங்க நேருமோ என்ற கூச்சம் ஒருபுறம், போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம் மறுபுறம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருக் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அவற்றில் 91 சதவீதத்தில் வழிப்போக்கர் ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் கூடக்கூட யாராவது முன்வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. அவை சண்டைகள், நோயாளிகள் அல்ல என்பது உண்மைதான். ஆயினும், முதல் ஆள் அசைந்துவிட்டால் கூட்டம் சுமையாக இல்லாமல் துணையாக மாறும் என்பதை நான் அந்தப் பேருந்து நிலையத்தில் கண்ணால் கண்டேன்.

முதல் படி: நில்லுங்கள், இடத்தைப் பாருங்கள்

ஒருவர் விழுந்ததைக் கண்டதும் பாய்ந்து தொட்டுவிடாதீர்கள். இரண்டு மூச்சு நேரம் போதும், சுற்றிலும் பாருங்கள். அறுந்த மின்கம்பி, தேங்கிய நீரில் கிடக்கும் வயர், நிற்காமல் வரும் வண்டிகள், தண்டவாளம், கசியும் எரிவாயு ஆகியவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் பிடித்து இழுக்கப்போய் அடுத்தவரும் உயிரிழப்பது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும். தெருவில் கிடக்கும் மின்வாரியக் கம்பி என்றால் வாரியத்தினர் இணைப்பைத் துண்டிக்கும் வரை யாரையும் அருகே விடக்கூடாது. சாலையின் நடுவே விழுந்திருந்தால், வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி சற்றுத் தொலைவில் ஒருவரை நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: குடிகாரர் என்று முடிவு கட்டாதீர்கள்

இதைத் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் தெருக்களில் விழுந்து கிடப்பவர் அருகே எவரும் செல்லாமல் இருப்பதற்கு வேறெந்தக் காரணத்தையும்விட இந்த ஒரு தீர்ப்பே அதிகம் பயன்படுகிறது என்பது என் எண்ணம். அழுக்கு வேட்டி, கலைந்த தலை, குழறும் பேச்சு, தள்ளாடும் நடை ஆகியவற்றைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வெளியே வந்து, இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டால் இதே போலத்தான் குழறுவார், தள்ளாடுவார், சில நேரம் எரிந்து விழவும் செய்வார். பக்கவாதம் தொடங்கியவரும், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கசிபவரும், வலிப்பு வந்து தெளிந்துகொண்டிருப்பவரும், வெயிலில் வேலை செய்து உடல் கொதித்தவரும் இப்படியேதான் தோன்றுவார்கள். மது அருந்தியவருக்கும் மாரடைப்பு வரும். மது வாடை வீசுவதால் தலைக்காயம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே அருகே சென்று மண்டியிடுங்கள். இரண்டு தோள்களையும் தட்டி, "ஐயா, காது கேக்குதா? கண்ணத் தொறங்க" என்று உரக்கக் கேளுங்கள். பதில் வந்தால், பெயர், வலி எங்கே, சர்க்கரை உண்டா, மாத்திரை ஏதும் போடுகிறாரா என்று கேட்கலாம். பதிலே இல்லை என்றால் மூச்சைப் பார்க்க வேண்டும். மார்பும் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று பத்து விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள்.

இந்த இடத்தில் கூட்டம் பெரும்பாலும் ஏமாந்துபோகிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு, வாய் பிளந்து, நீண்ட இடைவெளி விட்டு, குறட்டை போன்றோ விக்கல் போன்றோ ஓர் இழுப்பு வரும். கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதைப் போல இருக்கும். அன்றைக்கு டீக்கடை எதிரே விழுந்தவருக்கும் அப்படித்தான் வந்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நாங்கள் பலரும் ஆறுதல் அடைந்தோம். அது சுவாசம் அல்ல. பதிலும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். மருத்துவம் படிக்காதவர் நாடி பிடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: விரலை நீட்டி வேலை சொல்லுங்கள்

"யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க" என்று கத்துவது பயன் தராது. "யாராவது" என்ற சொல்லுக்கு உள்ளே எவரும் இல்லை. ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள், அவர் உடையையோ நிற்கும் இடத்தையோ சொல்லி அழையுங்கள், ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள், முடித்துவிட்டு வந்து சொல்லும்படி கேளுங்கள். கடைசியில் சொன்னது முக்கியம். பூக்கார அம்மா "எங்கிட்ட வந்து சொல்லு" என்று சேர்த்ததால்தான் அந்த மாணவன் அழைத்துவிட்டு எங்கும் போகாமல் திரும்பி வந்தான். முதியவரை "ஐயா" என்றும், பெண்ணை "அக்கா" அல்லது "அம்மா" என்றும் அழைத்து வேலை சொன்னால் யாரும் தட்டுவதில்லை.

முதல் ஆளுக்கு 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் இயங்கும் இந்த எண்ணுக்கு எந்தக் கைபேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். 112-உம் அவசர எண்ணே. அழைப்பவர் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்பு இடையில் அறுந்தாலும் வண்டி வந்து சேர இடம் தெரிந்தால் போதும். "பஸ் ஸ்டாண்டுல" என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் உள்ளே வந்து தேடி ஐந்து நிமிடத்தைத் தொலைப்பார். "நகரப் பேருந்து நிற்கும் பக்கம், கட்டணக் கழிப்பறைக்கு அடுத்த டீக்கடை வாசல்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு, நினைவு இல்லை, மூச்சு இல்லை, சுமாராக என்ன வயது என்பவற்றைச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் கேள்வி கேட்டால் "மொதல்ல வண்டிய அனுப்புங்க" என்று கோபிக்காதீர்கள். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு விழுந்தவரின் அருகே வைத்தால் அவர் சொல்லும் அறிவுரையைக் கேட்டபடியே வேலை செய்யலாம். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்க வேண்டாம்.

இரண்டாம் ஆள் நுழைவாயிலுக்குச் சென்று நின்று வண்டியை வழிகாட்டி உள்ளே அழைத்து வரட்டும். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் மின்தூக்கியைக் கீழே பிடித்து வைக்க ஒருவர் தேவை. மூன்றாம் ஆள், கூட்டத்தில் மருத்துவரோ செவிலியரோ இருக்கிறார்களா என்று உரக்கக் கேட்கட்டும். பேருந்து நிலையம் என்றால் நடத்துநர்களை அழையுங்கள். நடத்துநர் உரிமம் பெற முதலுதவிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அவர்கள் ஒருமுறையாவது இதைக் கற்றவர்கள். இரயில் நிலையத்தில் நிலைய மேலாளரையும் இரயில்வே பாதுகாப்புப் படையினரையும் தேடுங்கள். ஓடும் இரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி 139-ஐ அழையுங்கள். அபாயச் சங்கிலியை உடனே இழுத்துவிடாதீர்கள், வயல்வெளி நடுவே நின்றுபோன இரயிலுக்கு ஆம்புலன்ஸ் வர வழி இருக்காது. அடுத்த நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அங்கே இறக்குவதே பெரும்பாலும் விரைவானது.

நான்காம் படி: கூட்டத்தைச் சுவராக மாற்றுங்கள்

கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னால் யாரும் போவதில்லை. அதற்குப் பதிலாக, ஐந்தாறு பேரை விழுந்தவரைச் சுற்றி இரண்டடி தள்ளி, முதுகை அவர் பக்கம் காட்டி, முகத்தை வெளியே திருப்பி நிற்கச் சொல்லுங்கள். இப்படி நின்றால் காற்று வரும், வேலை செய்பவருக்கு இடம் கிடைக்கும், விழுந்தவரின் மானமும் காக்கப்படும், வீடியோ எடுக்க நினைப்பவர்களுக்கு வழியும் அடைபடும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கால்பந்துப் போட்டியின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று மைதானத்தில் விழுந்தபோது, அவருடைய அணியினர் அப்படித்தான் சுற்றி நின்று, கேமராக்களுக்கு அவர் தெரியாதபடி மறைத்தார்கள். உள்ளே மார்பு அழுத்தமும் இதயத்துக்கு மின்னதிர்வும் கொடுக்கப்பட்டன. அவர் பிழைத்தார், மறுபடியும் களத்துக்கும் வந்தார். வெயில் நேரத்தில் ஒருவர் குடையோ துண்டோ பிடித்து நிழல் தரலாம். படம் எடுப்பவரைத் திட்டிச் சண்டை வளர்க்க வேண்டாம். "அண்ணே, போன வச்சிட்டு இந்தக் கொடையப் பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள், பிடிப்பார்.

ஐந்தாம் படி: மார்பை அழுத்துங்கள்

இதயம் நின்றால் மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்குகிறது. மார்பு அழுத்தம் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நான்கு நிமிடத்துக்குள் வருவது அரிது. ஆகவே அந்த இடைவெளி முழுவதும் சுற்றி நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

விழுந்தவரைக் கடினமான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பெஞ்சோ மெத்தையோ கூடாது. பக்கவாட்டில் மண்டியிட்டு, ஒரு கையின் மணிக்கட்டை ஒட்டிய அடிப்பகுதியை மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக்கூடாது. உங்கள் தோள்கள் கைகளுக்கு நேர் மேலே இருக்க, உடல் எடை முழுவதும் இறங்கும்படி, குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-க்கு மிகாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அதாவது, ஒரு விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்ப வந்து நிறைகிறது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமோ என்ற தயக்கத்திலேயே பலர் பின்வாங்குகிறார்கள். பயிற்சி பெறாத பொதுமக்கள், பெரியவர் ஒருவருக்கு, மார்பு அழுத்தத்தை மட்டும் செய்தால் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலும் அதுவே. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் சுவாசம் கொடுப்பது முக்கியம் என்பதால், அதைக் கற்றவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு ஊதல் என்ற கணக்கில் செய்யட்டும்.

இரண்டு நிமிடத்துக்குள் கை ஓய்ந்துவிடும். இங்கேதான் கூட்டம் உண்மையிலேயே பயன்படுகிறது. எதிர்ப்பக்கத்தில் அடுத்த ஆளை மண்டியிட்டுத் தயாராக இருக்கச் சொல்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இடைவெளி விழாமல் மாறிக்கொள்ளுங்கள். அன்று நடத்துநருக்குப் பிறகு ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, அவருக்குப் பிறகு டீக்கடைப் பையன், பிறகு மறுபடியும் நடத்துநர் என்று மாறினார்கள். பூக்கார அம்மா "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தார். அழுத்தும்போது விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்தாதீர்கள், முறிந்த எலும்பு கூடும். விமான நிலையம், பெரிய வணிக வளாகம் போன்ற இடங்களில் சுவரில் இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவி (ஏஇடி) பொருத்தப்பட்டிருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்து வரச் செய்யுங்கள். திறந்தவுடன் அதுவே குரலில் வழி சொல்லும், தேவையில்லாதவருக்கு அதிர்வு கொடுக்காது.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவில் பொது இடங்களில் இதயம் நின்ற ஆண்களில் 45 சதவீதத்தினருக்கு வழிப்போக்கர் மார்பு அழுத்தம் கொடுத்திருக்க, பெண்களில் 39 சதவீதத்தினருக்கே அது கிடைத்தது என்று ஓர் ஆய்வு காட்டுகிறது. நம் ஊரில் இந்தக் கூச்சம் இன்னும் கனமானது என்பதை எல்லோரும் அறிவோம். அருகில் இருக்கும் பெண்களை அழையுங்கள், புடவையாலோ துப்பட்டாவாலோ மறைப்புப் பிடிக்கச் சொல்லுங்கள், "நெஞ்ச அழுத்தப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஆடையைக் கழற்ற வேண்டியதில்லை. பெண்கள் யாரும் முன்வராவிட்டாலும் தொடங்கத்தான் வேண்டும்.

டென்மார்க்கில் 2005-இல் பள்ளிகளில் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள், அடுத்த ஆண்டில் ஓட்டுநர் உரிமத்துக்கும் அதை நிபந்தனையாக்கினார்கள். 2001-இல் ஏறக்குறைய 21 சதவீதமாக இருந்த வழிப்போக்கர் உதவி 2010-இல் 45 சதவீதத்தை எட்டியது. முப்பது நாள் கடந்தும் உயிரோடு இருந்தவர்களின் அளவு 3.5-இலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தது. நம் ஊரிலும் ஓட்டுநர் உரிமம் வாங்கச் செல்பவருக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வதோடு, பத்து நிமிடம் இதையும் கற்றுக்கொடுக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆறாம் படி: கூட்டம் வழக்கமாகச் செய்வதைத் தடுங்கள்

வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் தானாக நிற்கும். நிற்கும்போது கையில் சாவி இருப்பதால் சாவிதான் நிறுத்தியது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவிட்டோம். கூரான சாவியால் கை கிழியும், அவ்வளவுதான். பற்களுக்கிடையே கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது, கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, சுற்றியுள்ள கல், நாற்காலி ஆகியவற்றை விலக்கி, கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108 வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, எதையும் ஊற்றாதீர்கள். அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். அவரைத் தூக்கி உட்கார வைத்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் இன்னும் குறையும். மூச்சு சீராக இருந்து நினைவு மட்டும் இல்லை என்றால், ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

நெஞ்சு அடைக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று சொல்லி இஞ்சி சோடா வாங்கிக் கொடுப்பது கொடிய தவறு. வாயுக் கோளாறா இல்லையா என்பதை ஈசிஜி பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அவரை நடக்க விடாதீர்கள், படி ஏற விடாதீர்கள், சாய்ந்து உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சும் நினைவும் உள்ள ஒருவருக்காக, பேருந்தையே அரசு மருத்துவமனைக்குத் திருப்பிக் கொண்டுபோன ஓட்டுநர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். மருத்துவமனை அருகிலேயே இருந்தால் அது நல்ல முடிவு. ஆனால் இதயம் நின்றவரை ஆட்டோவில் திணித்துக்கொண்டு போனால், போகும் வழி முழுக்க மார்பு அழுத்தம் நின்றுபோகும்.

முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உணவு தொண்டையில் அடைத்துப் பேசவோ இருமவோ முடியாதவருக்கு, முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கையை மூடி வைத்து ஐந்து முறை உள்நோக்கி மேலே இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். சர்க்கரை இறங்கியவர் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரை கரைத்த நீரோ பழச்சாறோ கொடுக்கலாம். வெயிலில் விழுந்து உடல் கொதிப்பவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் நனைத்து விசிறுங்கள்.

சாலை விபத்தில் இரத்தப்போக்கு இருக்கும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கை கால்களைப் பிடித்து மூட்டை போலத் தூக்கினால் கழுத்து எலும்பு விலகி வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமல் போகலாம். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய உதவி. மூச்சுக்குத் தடையாக இருந்தாலொழிய தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

ஏழாம் படி: சட்டத்துக்கு அஞ்சாதீர்கள்

விபத்தில் சிக்கியவரைத் தொட்டால் சாட்சி சொல்ல அலைய வேண்டும் என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமானதாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. உதவ முன்வருபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டுப்படுத்தும்படி ஆக்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன், பலன் கருதாமல் விபத்தில் சிக்கியவருக்கு உதவியவர் மீது, அந்த உதவியின்போது ஏற்பட்ட காயத்துக்கோ மரணத்துக்கோ சிவில் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது என்று சொல்கிறது. உங்கள் பெயர், முகவரியைச் சொல்லும்படி காவல்துறையினர் வற்புறுத்த முடியாது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நீங்கள் கிளம்பிவிடலாம்; அவருடைய சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்கவும், உங்களைத் தடுத்து வைக்கவும் மருத்துவமனைக்கு உரிமை இல்லை. சாட்சியாக இருப்பது உங்கள் விருப்பம்.

உயிருக்குப் போராடுபவருக்கு, போலீஸ் நடைமுறைகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். ஆகவே "பணத்துக்கு யார் பொறுப்பு?" என்ற கேள்வியை வரவேற்பு மேசையில் எவரேனும் உங்களிடம் கேட்டால், இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: ஒப்படைத்த பிறகு

ஆம்புலன்ஸ் வந்ததும், எத்தனை மணிக்கு விழுந்தார், மார்பு அழுத்தம் எப்போது தொடங்கியது, வலிப்பு வந்ததா, ஏதாவது வாயில் கொடுத்தோமா என்ற நான்கையும் அதில் வரும் மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள். தவறாக ஏதாவது கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள். பணப்பை, நகை, கைபேசி ஆகியவற்றை இன்னும் இருவர் பார்க்க எண்ணி, ஆம்புலன்ஸ் பணியாளரிடமோ காவலரிடமோ கொடுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்பவர், "ஒடம்பு சரியில்லாம விழுந்துட்டார், 108-ல அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க, நீங்க தனியா வராதீங்க, யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிழைப்பாரா மாட்டாரா என்பதை ஊகித்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்பதை வண்டி கிளம்பும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் அல்லாதவருக்கு நோயாளியின் நிலையை மருத்துவமனை சொல்லாது. முடிவு தெரியாமலேயே பல நாள் மனம் உழலும். அன்று இரவு தூக்கம் வராமல் போவதும், கை நடுங்குவதும், இன்னும் வேகமாகச் செய்திருக்கலாமோ என்று தோன்றுவதும் இயல்பானவை. உடன் இருந்தவர்களிடம் பேசுங்கள். சில வாரங்கள் கழித்தும் அந்தக் காட்சி விலகவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அந்தச் சிவப்புச் சட்டை மாணவன், வண்டி போன பிறகும் நெடுநேரம் நடைமேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுடைய பேருந்து வந்து போய்விட்டது. பூக்கார அம்மா ஒரு டீயை வாங்கி அவன் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசாமல் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.